தூங்காத மவுஸ்

"அண்ணி, உங்க எலி மறுபடியும் செத்துப்போச்சு!" என்று என் தங்கை கத்தியபோது, நான் ஒரு ராஜாவின் கால்சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜா என்றால் நாடக ராஜா. நாடகக் குழுக்களுக்கு உடை தைப்பது என் தொழில். வீட்டின் பெரிய அறையில் நீளமாக ஒரு மேஜை போட்டிருக்கிறேன். ஒரு முனையில் என் தையல் மிஷின். மறு முனையில் தங்கையின் கம்ப்யூட்டர். நடுவில் வெட்டிய துணிகள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து அவள் எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. எங்களுக்குள் எல்லைத் தகராறு தினமும் உண்டு.

அவள் பெயரைச் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. 'வாலு'தான். பகலெல்லாம் ஆஸ்பத்திரி முன்மேஜையில் உட்கார்ந்து, கன்னம் வீங்கி வருகிறவர்களை "வலிக்கவே வலிக்காதுங்க" என்று சமாதானம் செய்வாள். சாயங்காலம் வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான்கு தோழிகளோடு சேர்ந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட ஆரம்பித்துவிடுவாள். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான். அந்த அணியில் அவள் வேலை, ஏதாவது ஒரு மூலையில் ஒளிந்துகொண்டு, வாசலில் தலை காட்டுகிறவனை ஒரே குண்டில் சாய்ப்பது. வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள். அந்த மூலைக்குப் போனால் மட்டும் கல்லாய்ச் சமைந்துவிடுவாள்.

'உங்க எலி' என்று அவள் சொன்னது என் மனைவி வேலை பார்க்கும் கம்பெனியின் மவுஸை. வயர் இல்லாத கேமிங் மவுஸ். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் உள்ள சின்னக் கம்பெனி. மவுஸுக்குள் ஓடுகிற நிரலை எழுதுவது என் மனைவி. அது எப்போது விழிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எவ்வளவு வேகமாகக் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும் எல்லாம் அவள் போட்ட சட்டம். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

"நேத்துதானே சார்ஜ் போட்ட?"

"முந்தாநாள் போட்டேன் அண்ணி. டப்பாவுல ஒரு மாசம் வரும்னு போட்டிருக்கீங்க. எந்த ஊரு மாசம் இது?"

"ஆபீஸ்ல அதே எலி சமத்தா ஒரு மாசம் ஓடுதுடி. இங்க வந்தாதான் ஆட்டம் காட்டுது."

"அப்போ என் கை ராசின்னு சொல்றீங்களா?"

"நீ எவ்வளவு நேரம் விளையாடறேன்னு உண்மையைச் சொல்லு."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ராஜாவின் பட்டனில் ரொம்பத் தீவிரமாகிவிட்டேன்.

விஷயம் விளையாட்டில்லை. பெரிய போட்டி ஒன்று வரப்போகிறது. வாலுவின் அணி அந்த மேடையில் இந்த மவுஸைத்தான் வைத்து ஆடப்போகிறது என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அத்தனை பேர் பார்க்கும்போது அது உயிரை விட்டால் கம்பெனியின் மானமும் அதோடு சேர்ந்து போகும். இதற்கிடையில் வாங்கினவர்களும் அங்கங்கே புகார் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். எல்லாம் ஒரே புகார்தான். சார்ஜ் நிற்கவில்லை.

முதலாளி கூட்டம் போட்டார். அங்கே நடந்ததை என் மனைவி சாயங்காலம் வந்து நடித்தே காட்டினாள்.

"இதுல என்ன பெரிய யோசனை? பெரிய பேட்டரியா வெச்சுடுங்க" என்றாராம் முதலாளி.

மவுஸின் மேல்கூட்டை வடிவமைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு கிராமுக்கும் உயிரை விடுகிறவர் என்பதால் ஆபீஸில் அவருக்குக் 'கிராம்' என்றே பெயர். அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாராம். "சார், உள்ளே இருக்கிற ஸ்க்ரூவைக்கூட குட்டையாக்கி எடை குறைச்சிருக்கேன். இப்போ செங்கல்லைத் தூக்கி உள்ளே வைன்னா எப்படி சார்? கையில தூக்கினா காத்து மாதிரி இருக்குன்னு சொல்லித்தானே விக்கிறோம்?"

"சரி, அந்த விளக்கை அணைச்சுடலாமா சார்?" என்று என் மனைவி கேட்டாளாம். மவுஸின் முதுகில் நீலமாக ஒரு விளக்கு உண்டு. விழித்திருந்தால் பளிச்சென்று எரியும். தூங்கினால் அணைந்துவிடும்.

முதலாளிக்கு முகம் வாடிவிட்டதாம். "அந்த நீலம் நான் தேர்ந்தெடுத்ததும்மா."

ஆக, பேட்டரியும் மாறக்கூடாது, விளக்கும் அணையக்கூடாது. மிச்சமிருந்தது என் மனைவியின் தலை மட்டும். அதைத்தான் எல்லோருமாக உருட்டினார்கள்.

அவள் முதலில் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியிருந்த குட்டி ரிசீவரை ஒரு வயர் போட்டு மேஜைமேல் கொண்டுவந்தாள். "இரும்புப் பெட்டிக்குப் பின்னாடி அது ஒளிஞ்சிருந்தா, எலி கத்திக் கத்திப் பேச வேண்டியிருக்கு. கத்தினா தெம்பு போகத்தானே செய்யும்?" என்று எனக்கு விளக்கினாள். அதில் கொஞ்சம் தேறியது. விளையாடாத நேரத்தில் மவுஸ் கம்ப்யூட்டரோடு பேசும் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் கொஞ்சம் தேறியது. ஆனாலும் வாரம் முடிவதற்குள் "அண்ணி!" என்ற குரல் எழாமல் இருக்கவில்லை.

அப்புறம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. லீவு போட்டுவிட்டு, பெரிய அறை சோபாவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். வாலு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் ஒரு சேனாதிபதிக்கு மேலங்கி தைத்துக்கொண்டிருந்தேன். முரட்டுத் துணி. மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நிறுத்துங்க" என்றாள் திடீரென்று.

சத்தம் தலைவலியைக் கூட்டுகிறது போல என்று நினைத்து நிறுத்தினேன். நூலைக் கத்தரித்தேன்.

"ம்... இப்போ ஓட்டுங்க."

ஓட்டினேன்.

"நிறுத்துங்க!"

நிறுத்தினேன். எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. "டாக்டர்கிட்ட போயிடலாமா?" என்றேன்.

"அட, போய் ஓட்டுங்கன்னா ஓட்டுங்க!" போர்வையோடு எழுந்து நின்றாள். கண் மேஜையின் மறு முனையில் குத்திட்டு நின்றது. நான் மிஷினுக்குப் போய்ப் பெடலை அழுத்தினேன். அவள் கை நீட்டினாள். அந்தப் பக்கம் ஆளே இல்லை. கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. ஆனால் மவுஸின் முதுகில் நீல விளக்கு பளிச்சென்று எரிந்தது. காலை எடுத்தேன். சற்று நேரம் எரிந்துவிட்டு அணைந்தது. மறுபடி அழுத்தினேன். உடனே எரிந்தது.

"பகல் முழுக்க இதுதான் நடந்திருக்கு" என்றாள் என் மனைவி. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. "அதுக்கு அடியில ஒரு கண்ணு இருக்குங்க. தூங்கும்போதும் அப்பப்போ மேஜையை ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே இருக்கும். துளி அசைஞ்சாலும் ஆள் வந்தாச்சுன்னு துள்ளி எழுந்துக்கும். எழுந்து முழு வேகத்துல கம்ப்யூட்டரைக் கூப்பிட ஆரம்பிச்சுடும். நீங்க தைக்கிறீங்க, மேஜை அதிருது, அது உங்களைத் தன் எஜமான்னு நினைச்சுட்டிருக்கு."

"அப்போ கொலைகாரன் நானா?"

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டுத் தும்மினாள். அன்றைக்கு அதற்குமேல் அவளைப் படுக்கவைக்க என்னால் முடியவில்லை.

சாயங்காலம் வாலு வந்ததும் அவளுக்கு நேரிலேயே ஓட்டிக் காட்டினோம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா! இத்தனை நாளா அதைத் தூங்கவிடாம பண்ணது நீங்களா? அண்ணிகிட்ட நான் என்னென்ன திட்டு வாங்கினேன்!"

"எனக்கென்னடி தெரியும்? உன் எலி இவ்வளவு பயந்தாங்கொள்ளின்னு நீ சொல்லவே இல்லையே."

"சரி விடுங்க. இனிமே போகும்போது கவுத்துப் போட்டுட்டுப் போறேன். முடிஞ்சுது."

"நம்ம வீட்டுல கவுத்துப் போடலாம்" என்றாள் என் மனைவி. "வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போய் நானா கவுத்துப் போட முடியும்?"

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் புகார் சொன்னவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்திருக்கிறாள். ஒருவர் மேஜைமேல் ஃபேன் வைத்திருந்தார். ஒருவர் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் வாஷிங் மெஷின். இன்னொருவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மேடம், எனக்குக் காலாட்டற பழக்கம் உண்டு. அதுவா இருக்குமோ?" என்றாராம். அதுவேதான்.

மருந்து எளிது என்று நினைத்தாள். அசைவு தெரிந்ததும் துள்ளி எழாதே, கொஞ்சம் பொறு, உண்மையிலேயே ஆள்தானா என்று பார்த்துவிட்டு எழுந்திரு என்று நிரலை மாற்றினாள். வீட்டில் சோதனை நடந்தது. நான் சேனாதிபதியின் மேலங்கியை மடிப்பு மடிப்பாகப் போட்டு, மிஷின் கதறுகிற அளவுக்கு ஓட்டினேன். மவுஸ் அசையவில்லை. கும்பகர்ணன்தான். நாங்கள் இருவரும் கைதட்டினோம்.

வாலு மட்டும் தட்டவில்லை. அன்று ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"இது வேண்டாம் அண்ணி. தூங்குமூஞ்சி ஆயிடுச்சு. மூலையில அசையாம உட்கார்ந்திருந்தேன். அவன் வாசல்ல தலையை நீட்டினான். இது கொட்டாவி விட்டு முடிக்கிறதுக்குள்ள என்னைச் சுட்டுட்டுப் போயிட்டான்."

"அது கண் சிமிட்டற நேரம்கூட இல்லடி. அளந்து பார்த்துட்டுதான் போட்டிருக்கேன். உனக்குத் தெரியவே தெரியாது."

"உங்க அளவுக்குத் தெரியாம இருக்கலாம். என் கைக்குத் தெரியுது."

"உன் கை என்ன பெரிய..." என்று ஆரம்பித்த என் மனைவி பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆனால் பாதியே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான். "உங்க தங்கச்சிகிட்ட சாப்பிட வரச் சொல்லுங்க." "அண்ணிகிட்ட சொல்லுங்க, எனக்குப் பசியில்ல." "பசியில்லாதவங்க பிரிட்ஜை ஏன் திறக்கிறாங்கன்னு கேளுங்க." மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். நான் தபால்காரன் மாதிரி நடுவில். போட்டிக்கு வாலு வயர் உள்ள பழைய மவுஸை எடுத்துக்கொண்டு போகப்போவதாகவும் ஒரு செய்தி என் வழியாகப் போனது. அதைக் கேட்டு என் மனைவி லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது எனக்கு நன்றாகப் படவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீயே உட்கார்ந்து ஆடிப் பாரேன்" என்றேன் என் மனைவியிடம். "சட்டை இறுக்குதுன்னு நடிகர் சொன்னா, நான் டேப்பைக் காட்டிச் சண்டையா போடறேன்? போட்டுக் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன்ல?"

முறைத்தாள். ஆனால் அடுத்த நாள் சாயங்காலம் தானாகவே வாலுவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "எங்க ஒளியணும்? காட்டு" என்றாள். வாலுவின் கோபம் அந்த நொடியே பறந்துவிட்டது. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

"மூச்சு விடாதீங்க அண்ணி. வாசலையே பாருங்க. இன்னும் வரல. இன்னும் வரல... ஐயோ, வந்துட்டான்!"

என் மனைவி செத்தாள். மறுபடி ஆடினாள். மறுபடி செத்தாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எதிர் அணிப் பையன்கள் எண்ணியிருப்பார்கள். தோசை திருப்புகிற மாதிரி மவுஸைப் பிடிக்காதீர்கள் என்று வாலு தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒருமுறை, செத்துக் கிடக்கும் தன் உருவத்தைத் திரையில் பார்த்தபடியே என் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"இருக்குடி. ஒரு சின்ன இழுப்பு இருக்கு. நீ சொன்னது சரிதான்."

வாலு வெற்றி முழக்கம் எதுவும் செய்யவில்லை. நாற்காலி முதுகில் கையை ஊன்றிக்கொண்டு, "தண்ணி கொண்டு வரட்டுமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

என் மனைவி மவுஸின் மேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை மிஷினை ஓட்டச் சொன்னாள், நிறுத்தச் சொன்னாள், ஓட்டச் சொன்னாள். அந்தக் கட்டளைகள் எனக்குப் பழகிவிட்டன.

"கை இருக்கே, அசையாம வெச்சாலும் அது ஒரு பக்கமா நகர்ந்துட்டேதான் இருக்கு" என்றாள். "மிஷின் அப்படி இல்ல. இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு. கடைசியில இருந்த இடத்துலதான் இருக்கு. அதோட, இவ விளையாடும்போது பட்டனை அழுத்திக்கிட்டே இருக்கா. மிஷின் பட்டனை அழுத்தாது."

"அதனால?" என்றோம் நாங்கள் இருவரும்.

"அதனால ரெண்டு விதமான தூக்கம் வைக்கணும். பட்டன் அழுத்தி ரொம்ப நேரம் ஆகலைன்னா கோழித்தூக்கம்தான். தொட்ட உடனே முழிச்சுக்கணும், கேள்வியே கேக்கக் கூடாது. ரொம்ப நேரமா யாரும் அழுத்தலைன்னா நல்லாப் போர்த்திட்டுத் தூங்கலாம். அப்போ ஏதாவது ஆடினா, ஒரு பக்கமா நகருதா, ஆடின இடத்துலயே ஆடுதான்னு பார்த்துட்டு எழுந்தா போதும்."

வாலு யோசித்தாள். "நான் மூலையில உட்கார்ந்திருக்கும்போது?"

"கோழித்தூக்கம்."

"நான் ஆஸ்பத்திரியில இருக்கும்போது?"

"கும்பகர்ணன்."

"அண்ணி, நீங்க பெரிய ஆளு."

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அது எனக்கே தெரியும்னு" என்றாள் என் மனைவி என்னைப் பார்த்து. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

எழுதி, மாற்றி, திருப்பி எழுதி ஒரு வழியாக முடித்தாள். வாலு அதை வைத்து ஆடினாள். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமலிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வாரம் ஓடிய பிறகும் "அண்ணி!" என்ற கூச்சல் வரவில்லை. வயர் உள்ள பழைய மவுஸ் எங்கே போனதென்று யாரும் தேடவில்லை.

போட்டி ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. நான், என் மனைவி, கிராம், முதலாளி நான்கு பேரும் முன்வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தோம். வாலுவின் அணி ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. முதலாளி நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டார்.

இறுதி ஆட்டத்துக்கான சாமான்களையெல்லாம் நடுவர்கள் சோதித்து, மேடை மேஜைகளில் வைத்தாயிற்று. இனி ஆட்டம் தொடங்கும்வரை யாரும் தொடக்கூடாது. அந்த நேரம் பார்த்துப் பெரிய திரை இருண்டுவிட்டது. சரி செய்ய ஏணி வந்தது, ஆள் வந்தார், இன்னொரு ஆள் வந்தார். கூட்டம் சலித்துப் போகாமலிருக்க, அறிவிப்பாளர் பாட்டைப் போட்டார். மேடையின் காலடியிலேயே ஆளுயர ஸ்பீக்கர்கள். என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. மேடையில் இருந்த பாட்டில்களில் தண்ணீர் துள்ளியது.

என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "மேஜை ஆடுதுங்க."

அப்போதுதான் பார்த்தேன். எதிர் அணியின் மேஜையில் ஐந்து விளக்குகளும் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. அவை வேறொரு கம்பெனி மவுஸ்கள். எங்கள் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஐந்தும் அந்த அமளியில் நிம்மதியாகத் தூங்கின. ஒரு கட்டத்தில் முதலாளி, "என்னம்மா, நம்மது எல்லாம் செத்துப்போச்சா?" என்று பதறினார்.

"தூங்குது சார். சத்தம் போடாதீங்க" என்றார் கிராம்.

மதியம் கழிந்து ஒரு வழியாகத் திரை உயிர்பெற்றது. ஆட்டம் தொடங்கியது. சம பலம். இவர்கள் ஒரு சுற்று எடுத்தால் அவர்கள் ஒரு சுற்று. பாதி ஆட்டத்தில் எதிர் அணியின் தலைவி கையைத் தூக்கினாள். குட்டை முடி வைத்த பெண். மவுஸைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். அதில் விளக்கு இல்லை. பாட்டு நேரம் முழுக்க விழித்தே கிடந்ததில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவளிடம் சார்ஜ் வயரும் இல்லை, மாற்று மவுஸும் இல்லை. சில நிமிஷங்களுக்குள் வேறு கொண்டுவராவிட்டால் அவள் இல்லாமல் நான்கு பேர்தான் ஆட வேண்டும் என்று நடுவர் அறிவித்தார்.

கூட்டம் ஓவென்று கத்தியது. வாலுவின் தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கோப்பை கைக்கு வந்துவிட்ட மாதிரிதான்.

வாலு எழுந்தாள். தன் மேஜையில் சோதித்து வைத்திருந்த மாற்று மவுஸை எடுத்தாள். மேடையைக் குறுக்காகக் கடந்து போய், ரிசீவரோடு அந்தப் பெண்ணின் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தோழிகள் நான்கு பேரும் அவளைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதக்கூடாது. நடுவர்கள் கூடிப் பேசித் தலையாட்டினார்கள்.

முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "அம்மா, இப்போ யார் ஜெயிச்சாலும் நம்ம எலிதானே ஜெயிச்ச மாதிரி?"

"சார், நம்ம பொண்ணு ஜெயிக்கணும் சார்" என்றாள் என் மனைவி கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

ஜெயிக்கவில்லை. கடைசிச் சுற்றில் வாலு மூலையில் கல்லாய் உட்கார்ந்திருந்தாள். குட்டை முடிக்காரி வாசல் வழியாக வரவில்லை. ஜன்னல் வழியாக வந்தாள். வாலுவின் கை சட்டென்று திரும்பியது, மவுஸில் ஒரு இழுப்பும் இல்லை, ஆனால் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் வேகமாக இருந்தாள். அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது வாலுவின் கண் சிவந்திருந்தது. என் மனைவி அவள் தோளில் கை போட்டாள்.

"ஏன்டி குடுத்த?"

"பின்ன என்ன அண்ணி? எதிராளியோட எலி செத்ததால ஜெயிச்சவன்னு சொல்லுவாங்க. அதைக் கேட்டுட்டு எவ இருப்பா?" மூக்கை உறிஞ்சினாள். "இவ்வளவு நல்லா ஆடுவான்னு தெரிஞ்சிருந்தா ஒரு தடவை யோசிச்சிருப்பேன்."

அப்போது அந்தக் குட்டை முடிக்காரியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் மவுஸ். கோப்பையை அலட்சியமாக அக்குளில் இடுக்கிக்கொண்டு, மவுஸை இரண்டு கையாலும் நீட்டினாள். நீட்டினாளே தவிர, விடவில்லை.

"அக்கா, இதை நானே வாங்கிக்கட்டுமா?"

"வெச்சுக்கம்மா, வெச்சுக்கோ!" என்று முதலாளி பின்னாலிருந்து கூவினார்.

"நீ ஜன்னல் வழியா வருவேன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல" என்றாள் வாலு.

"நீங்க வாசல்லதான் பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க ஆட்டம் எல்லாத்தையும் பார்த்திருக்கேன்."

வாலுவுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. "எல்லாத்தையுமா?" என்று கேட்டாள். அடுத்த நிமிஷம் இருவரும் அரங்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, கையைக் காற்றில் ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்த மூலை, எந்த ஜன்னல், எவன் எப்படி வருவான் என்று ஓயவே இல்லை. நாங்கள் நான்கு பேரும் பசியோடு காத்திருந்தோம்.

புது நிரலைக் கம்பெனி எல்லோருக்கும் அனுப்பிவிட்டது. புகார்கள் நின்றுவிட்டன. கடைகளிலிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள் என்று முதலாளி பூரித்துப் போயிருக்கிறார். அந்தப் பெண் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அடுத்த போட்டிக்கு அவளும் வாலுவும் ஒரே அணி. அவளுடைய கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, மூன்று பெண்களும் ஒருசேர என் மிஷின் இருக்கும் முனையைப் பார்த்தார்கள். நான் துணிகளை நகர்த்தி இடம் விட்டேன்.